கரி பஸ்ஸில் நான் கற்ற ‘தள்ளு’

பஸ் கண்டக்டர் வேலைக்கு நல்ல குரல் வேண்டும், கூட்டத்தில் நசுங்காத விலா எலும்பு வேண்டும். யுத்த காலத்துக் கரி பஸ்ஸில் கண்டக்டராக இருக்க இந்த இரண்டையும்விட நல்ல தோள் வேண்டும்.

பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸின் முதுகில் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்துக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடித்தால், கரியிலிருந்து வாயு கிளம்பி எஞ்சினுக்குப் போகும். எஞ்சின் முதலில் இருமும், பிறகு தும்மும், மனமிருந்தால் நகரும். மேடு கண்டால் நின்றுவிடும். அந்த பஸ்ஸில் போய்ச் சட்டையைக் கரியாக்கிக்கொண்டு வீட்டில் திட்டு வாங்கிய அன்பர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் கஷ்டம் மற்றவர்களுக்கு எங்கே புரியப்போகிறது?

நான் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் ஊரில் தள்ளு என்றால் கையை வைத்துத் தள்ளுவதுதான். ராயபுரத்துக்காரர்கள் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் குடும்பம் நடத்துவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

வேலை கிடைத்த விதம்

ஊரிலிருந்து வந்த புதிதில் வண்ணாரப்பேட்டையில் என் சித்தப்பாவின் மளிகைக் கடையில் நின்றேன். சித்தப்பா காலையில் கடை திறந்ததும், “அந்தப் பழைய துவரம்பருப்பை மொதல்ல தள்ளுலே” என்பார். முதல் நாள் நான் மூட்டையைச் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. தள்ளு என்றால் எப்படியாவது விற்றுத் தீர் என்று அர்த்தமாம். அது முதல் வண்டு விழுந்த பருப்பையும் வாய் ஜாலத்தால் தள்ளப் பழகிக்கொண்டேன்.

அப்புறம் ஜமால் ராவுத்தரிடம் வேலை கேட்டுப் போனேன். அவருக்கு யானைக்கவுனியில் மொத்தக் குடைக் கடை. அதோடு ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே ஒரே ஒரு பஸ். கடையில் சம்பாதித்ததை பஸ்ஸில் போடுகிறவர் என்று பேர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தள்ளுவியா தம்பி?” என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “எந்தச் சரக்கானாலும் குடுங்க மொதலாளி. மழை பெய்யாட்டியும் குடையைத் தள்ளிருவேன். வேணாம்னு சொல்லுதவன் கையிலகூடத் திணிச்சிருவேன்” என்றேன். பெரியவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் தோளை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பார்க்கிற மாதிரி. பிறகு சொன்னார்:

“குடைக்கு ஆளு கீது தம்பி, நீ பஸ்ஸைத் தள்ளு!”

டிக்கெட் யாருக்கு?

முதல் நாளே ராயபுரம் பாலத்து மேட்டில் வண்டி மூச்சை விட்டுவிட்டது. டிரைவர் ஆரோக்கியம் ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், எதற்கும் பதறமாட்டார். ஸ்டியரிங் மேல் கையை ஊன்றிக்கொண்டு, “இன்னா பாத்துகினு கீறே? ஜனத்தை எறக்கு” என்றார். நான் எல்லோரையும் கும்பிட்டு இறக்கினேன். கோட்டுப் போட்ட துறைமுக குமாஸ்தா ஒருவர் மட்டும் இறங்கமாட்டேன் என்றார். அவர் வாங்கியது உட்காருவதற்கான டிக்கெட்டாம், தள்ளுவதற்கானது இல்லையாம். சட்டப்படி அவர் பேச்சில் குற்றம் சொல்ல முடியவில்லை. அவரையும் உள்ளே வைத்தே தள்ளினோம்.

தள்ளினால் கிளம்பும், நாலு எட்டில் மறுபடி படுத்துக்கொள்ளும். இப்படியே தண்டையார்பேட்டை வரைக்கும் போய்விட்டோம். அதற்குள் எல்லோர் முகமும் ஒரே நிறம். அங்கே இறங்கவேண்டிய ஒரு பெரியவர், இறங்குவதற்கு பஸ்ஸில் ஏறியே இருக்கவில்லை. மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்து நிதானமாகக் கேட்டார்:

“ஏம்பா கண்டக்டரு, பஸ்ஸு என்னை இட்டாந்துச்சா, நான் பஸ்ஸை இட்டாந்தேனா? யாரு யாருகிட்ட டிக்கெட்டு வாங்கணும், நீயே சொல்லு!”

குப்பம்மாவும் கூடையும்

காசிமேட்டுக் குப்பம்மா தினமும் மீன் கூடையோடு ஏறுவாள். அவள் ஏறினால் முன்வரிசையில் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். பின்வரிசையில் மீன் விலை விசாரிப்பார்கள். கூடைக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கவேண்டும் என்பது ராவுத்தர் உத்தரவு. நான் கேட்டேன். அவள் என்னை மகனைப் பார்ப்பதுபோல் பார்த்து, “கொஞ்சம் தள்ளிக்கோ நைனா” என்றாள். பாவம், இடைஞ்சலாக நிற்கிறேன் போலிருக்கிறது என்று ஓரடி தள்ளி நின்றேன்.

மறுபடி கேட்டேன். “இன்னும் தள்ளிக்கோ நைனா, அவ்ளோ தாங்காது” என்றாள். கூடை கனம் தாங்கவில்லையாக்கும் என்று இன்னும் தள்ளினேன். மூன்றாம் முறையும் கேட்டேன். அவள் மூன்றாம் முறையும் தள்ளிக்கொள்ளச் சொன்னாள். இப்போது நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறேன். திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம் வண்டி ஒரு திருப்பம் திரும்பியபோது என் தொப்பி பறந்துபோய் ஒரு மாட்டின் கொம்பில் விழுந்தது. குப்பம்மா எட்டி என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இழுத்த கையோடு பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“அடப்பாவி, நான் வெலையில தள்ளச் சொன்னா, நீ ஒடம்பைத் தள்ளிகினு ரோட்டுக்குப் போறியே நைனா!”

அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்

ஒரு நாள் ஆரோக்கியத்துக்கு வேலையில் கவனமே இல்லை. ஆளில்லாத இடத்தில் ஆரன் அடித்தார், ஆள் நிற்கும் இடத்தில் நிற்காமல் போனார். எண்ணூரில் வண்டியை நிறுத்திவிட்டு என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். “கண்டக்டரு, யாராண்டயும் சொல்லிடாதே. வூட்ல நாள் தள்ளிப் போச்சு” என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போது கல்யாணமும் ஆகவில்லை, அக்கா தங்கையும் கிடையாது. ஏதோ வீட்டு விசேஷம் தள்ளிப்போய்விட்டது, மனிதர் மனசு உடைந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். “இதுக்குப் போய்க் கலங்கலாமாண்ணே? எல்லா வீட்டுலயும் நடக்குததுதான். வேற நல்ல நாளாப் பாத்து அடுத்த வாரம் வச்சுக்கிடலாம். நானும் வந்து நின்னு ஒத்தாசை பண்ணுதேன்” என்றேன்.

ஆரோக்கியம் என்னை அடிக்கக் கையை ஓங்கினார். பக்கத்தில் ஆற்றங்கரையில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த குப்பம்மா சிரித்த சிரிப்பில் கூடை ஆற்றோடு போகப் பார்த்தது. அவள்தான் எனக்கு விளங்க வைத்தாள். ஆரோக்கியமும் அவர் மனைவி மரியாவும் குழந்தைக்காக ஏறாத மாதா கோயில் இல்லை, பார்க்காத வைத்தியர் இல்லை. ‘உன் புருசனுக்கு வேறு பெண் பார்க்கட்டுமா’ என்று சொந்தக்காரர்கள் மரியாவின் முகத்துக்கு நேரேயே கேட்கத் தொடங்கியிருந்தார்களாம். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. ஆரோக்கியம் ஓங்கிய கையை இறக்கி என் தோளில் போட்டு, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்:

“இத்தினி வருசமா தள்ளாத நாளு இப்போதான் தள்ளிகீது, நீ இன்னான்னா அடுத்த வாரம் வெச்சிக்கலாம்ன்றே!”

முழுத் தள்ளுபடி

அளவுக்கு மேல் ஆளை ஏற்றினோம் என்று எங்கள் பஸ்ஸைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஏற்றினது உண்மைதான். ஏற்றினால்தானே மேட்டில் தள்ளுவதற்கு ஆள் கிடைக்கும்? இதை எந்த அதிகாரியிடம் சொல்லுவது? பஸ்ஸை மறுபடி ஓட்ட அனுமதி கேட்டு ராவுத்தர் ஒரு மனுப் போட்டார். தீர்ப்புச் சொல்லும் நாளில் அவரும் ஆரோக்கியமும் நானும் கோர்ட்டுக் கச்சேரி வாசல் மரத்தடியில் நின்றோம். ஆரோக்கியம் சிலுவைக்குறி போட்டபடி இருந்தார். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி; பஸ் ஓடாவிட்டால் அடுப்பு எரியாது.

வக்கீலின் குமாஸ்தா வெளியே வந்தார். “ராவுத்தரே, தள்ளுபடி!” என்றார். ராவுத்தர் பிறவி வியாபாரி. முகம் மலர்ந்துவிட்டது. “எம்மாந் தள்ளுபடி?” என்று கேட்டார். குமாஸ்தா, “முழுக்கத் தள்ளுபடிங்க” என்றார். “அல்ஹம்துலில்லாஹ்!” என்று ராவுத்தர் குமாஸ்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆரோக்கியம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எதிர் ஓட்டலுக்குப் போய் எல்லோருக்கும் அல்வா சொன்னோம். குமாஸ்தாவும் மறுக்காமல் சாப்பிட்டு, இலையைப் போட்டு, கை கழுவிவிட்டு வந்துதான், நீதிபதி மனுவை ஏற்க மறுத்துவிட்டார் என்கிற சங்கதியை விளக்கினார். ராவுத்தர் வாயில் பாதி அல்வா நின்றுவிட்டது. அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனமில்லாமல் வெகுநேரம் இருந்துவிட்டுக் கடைசியில் சொன்னார்:

“எங்க கடையில தள்ளுபடின்னா வந்தவன் சிரிச்சிகினு போவான், இவங்க கடை இன்னா கடைப்பா இது!”

குடை வண்டி

ராவுத்தர் நல்ல மனிதர். பஸ் நின்றதற்காக எங்களை நிறுத்தவில்லை. மேலே ஒரு மனுப் போட்டுவிட்டு, அது முடிகிறவரைக்கும் கிடங்கில் கிடந்த பழைய குடைகளைத் தள்ளிவிடுங்கள் என்றார். அதற்கு ஒரு தள்ளுவண்டியும் கொடுத்தார். ஆக, குடையையும் தள்ளவேண்டும், வண்டியையும் தள்ளவேண்டும். சித்திரை வெயில். குடைகளோ ஒரு தினுசானவை; விரித்தால் விரியும், மடக்கினால் மடங்காது.

ஆரோக்கியம் முதலில் வண்டியைத் தொடமாட்டேன் என்றார். டிரைவர் உத்தியோகத்தில் இருந்தவன் தள்ளுவண்டியில் கை வைத்தால் ராயபுரம் என்ன பேசும்? நானே தள்ளினேன். ஆனால் கூடவே நடந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. தெருமுனை வந்தால் கையை வெளியே நீட்டித் திருப்பம் காட்டினார். குறுக்கே நாய் வந்தால் வாயாலேயே ‘பாம், பாம்’ என்று ஆரன் அடித்தார். எனக்கும் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு வியாபாரம் முடிந்ததும் வண்டிப் பலகையில் தட்டி “ரைட், போலாம்!” என்றேன். மூன்றாம் தெருவில் அவர் தானாகவே கைப்பிடியை வாங்கிக்கொண்டார். நான் வண்டி ஓட்டுகிற விதம் அவருக்குப் பிடிக்கவில்லையாம். தண்டையார்பேட்டையில் எங்கள் பஸ்ஸில் வந்து பழகின ஓர் அம்மாள் குடை வாங்கினாள். விரித்தாள், மடக்கப் பார்த்தாள், முடியவில்லை. விரித்த குடையோடு வீட்டு வாசலில் நுழையப் பார்த்தாள், அதுவும் முடியவில்லை. திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தாள்:

“பஸ்ஸு ஓட்டத் தெரியாம குடை விக்க வந்தீங்களா, குடை விக்கத் தெரியாம பஸ்ஸு ஓட்டப் போனீங்களா?”

தள்ளுங்க, தள்ளுங்க!

மேல்மனு பலித்தது. பஸ் மறுபடி ஓடியது, அதாவது நாங்கள் மறுபடி தள்ளினோம். மாதங்கள் போயின. ஒரு பிற்பகல், எண்ணூரிலிருந்து திரும்பும்போது திருவொற்றியூரில் மரியா கையைக் காட்டினாள். அங்கே அவள் தாய்வீடு. வலி எடுத்துவிட்டது, குதிரை வண்டி கிடைக்கவில்லை. குப்பம்மா அவளைத் தாங்கி ஏற்றி முன்சீட்டில் சாய்த்துக்கொண்டாள். ஆரோக்கியத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. அன்றைக்கு வண்டி ஆச்சரியமாக நன்றாகவே ஓடியது. ஆனால் பாதி வழியில் மரியா ஒரு கத்துக் கத்தினாள். எதற்கும் பதறாத மனிதர் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் கீழே குதித்து அவள் பக்கம் ஓடி வந்தார்.

என்ன ஏதென்று பார்க்க ஜனம் மொத்தமும் முன்சீட்டைச் சுற்றி மொய்த்துக்கொண்டது. மரியாவுக்கு மூச்சு முட்டியது. “தள்ளுங்க, தள்ளுங்க! காத்து வரட்டும்!” என்று கத்தினேன். எங்கள் பிரயாணிகள் பழகினவர்கள். ‘தள்ளுங்க’ காதில் விழுந்ததுதான் தாமதம், மறு பேச்சில்லாமல் இறங்கிப் பின்னால் போய்த் தோள் கொடுத்துவிட்டார்கள். வண்டி புறப்பட்டுவிட்டது. டிரைவர் சீட்டில் ஆள் இல்லை! எதிரே மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. நான் விசில் ஊதுகிறேன். கண்டக்டர் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தள்ளுகிறார்கள். ஆரோக்கியம் கீழே குதித்து ஓடி, டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்து ஏறி, மாட்டின் மூக்குக்கு ஒரு முழம் இருக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினார். அப்படியே நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார். தள்ளினவர்களில் பாதிப் பேர் பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் நர்ஸ் வந்து, பெண் குழந்தை, தாயும் சுகம் என்றாள். ஆரோக்கியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்:

“பொறக்கறதுக்கு மின்னாடியே ஒரு பஸ்ஸு ஜனத்தை வேலை வாங்கிட்டாடா என் பொண்ணு!”

வலைக்காரர் மகள்

ஒரு நாள் ராயபுரத்தில் தகரப் பெட்டியோடு ஓர் இளம்பெண்ணும் ஒரு பையனும் ஏறினார்கள். பெண், சவரிமுத்து என்கிற வலை வியாபாரியின் மகள் பிலோமினா. பையன் அந்தோணி, துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். வண்டி நகர்ந்ததும் பின்னால் சவரிமுத்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “பிடிங்க அவனை! என் பொண்ணைத் தள்ளிகினு போறான்!” என்று கத்தினார். நான் கடமை தவறாதவன். அந்தோணியிடம் போய், “ஏம்ப்பா, பொம்பளைப் பிள்ளையைப் போய்த் தள்ளுதியே, இவ்வளவு இடம் கிடக்கே, கொஞ்சம் விலகி நில்லு” என்றேன். பஸ்ஸே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் அழுதாள். கூட்டிக்கொண்டு ஓடுவதற்கும் அதே சொல்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எர்ணாவூர் தாண்டி வண்டி நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஒரு குதிரை வண்டியில் சவரிமுத்து வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் அந்தோணியின் சட்டையைப் பிடித்தார். ஆரோக்கியம் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “பெரியவரே, சண்டை அப்பால. மொதல்ல ஒரு கை குடு, இல்லாட்டி கரி அடுப்பு ஜில்லுன்னு ஆயிடும்” என்றார். அந்தக் காலத்தில் நின்ற பஸ்ஸைப் பார்த்துக் கை கொடுக்காமல் இருக்க யாராலும் முடியாது. சவரிமுத்து திட்டிக்கொண்டே தோள் கொடுத்தார். மகளை இழுத்துக்கொண்டு போகிற பஸ்ஸை அப்பாவே தள்ளினார், பக்கத்தில் அந்தோணி. திடீரென்று எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஜனமெல்லாம் ஓடி ஓடித் தொற்றிக்கொண்டது. சவரிமுத்து கால் பிசகிக் கீழே விழுந்தார். அந்தோணிக்கு ஒரு கை கம்பியில். ஏறியிருந்தால் பெண்ணோடு தப்பிப் போயிருப்பான். அவன் திரும்பிப் பார்த்தான். கம்பியை விட்டுவிட்டான்.

பெண் உள்ளேயிருந்து அலறுகிறாள். வண்டியை நிறுத்தினால் மறுபடி எடுக்காது என்று ஆரோக்கியம் எண்ணூருக்கே ஓட்டிவிட்டார். அங்கே அவளுக்கு ஒரு வாய்த் தேநீர்கூட இறங்கவில்லை. இரண்டு பேரில் யார் யாரை என்ன செய்தார்களோ என்று ஒரே புலம்பல். திரும்பி வரும்போது சாலையோரத்தில் ஒரு மதகுக்கட்டை மேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தோணியின் தலைத்துண்டு பெரியவர் கணுக்காலில் கட்டாக இருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்றும் மிச்சமில்லை. பெரியவர் அடித்திருக்கிறார், அவன் வாங்கியிருக்கிறான். அவனே அவரைத் தூக்கி வந்து பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு, தான் ஏறலாமா கூடாதா என்று தெரியாமல் படியோரம் நின்றான். நான் மணிக் கயிற்றைப் பிடித்தபடி சவரிமுத்துவைப் பார்த்தேன். மகளும் பார்த்தாள். அவர் வெளியே உப்பளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

“பொண்ணைத் தள்ளிகினு போறவனா இருந்தா தொலையட்டும்னு வுட்ருப்பேன், வுயுந்தவனைத் தூக்க எறங்கி வந்துட்டானே, இவனை எப்பிடி நைனா தள்றது? ஏறச் சொல்லு!”

கரி பஸ்ஸெல்லாம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது என்றாலும், இன்றைக்கும் யாராவது ‘தள்ளு’ என்றால் எதை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் வேட்டியை மடித்துக் கட்டுகிறேன்.